ஊரில் வீடு வாங்க நேரில் வருவதா, பவர் கொடுப்பதா? வெளிநாட்டில் இருப்பவருக்கான ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலையில் இருப்பவருக்குத் திருச்சியிலோ கோவையிலோ ஒரு வீடு படிந்து வரும்போது, விலை பேசி முடிப்பதைவிடச் சிக்கலான கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது: பத்திரப்பதிவு நாளன்று சார்பதிவாளர் முன்னிலையில் வாங்குபவராகப் போய் நிற்கப் போவது யார்? எழுதிக் கொடுப்பவர் மட்டும் வந்தால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவின்படி, அசையாச் சொத்தின் உரிமை கைமாறும் ஆவணத்தில் விற்பவர், வாங்குபவர் இருவருடைய புகைப்படமும் கைரேகையும் இடம்பெற வேண்டும். ஆகவே வெளிநாட்டில் இருப்பவர் ஒன்று நேரில் வர வேண்டும், அல்லது தமக்காக ஒருவரை அனுப்ப வேண்டும், அல்லது வாங்குபவரின் பெயரையே மாற்றிவிட வேண்டும், அதுவும் இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும்.

நான் சிங்கப்பூரில் இருந்தபடி 2022ஆம் ஆண்டில் திருச்சியில் ஒரு வீட்டை, எனக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தை (ஊர் வழக்கில் "பவர்") என் அண்ணனுக்குக் கொடுத்து வாங்கினேன். அதில் சரியாகச் செய்தவையும் உண்டு, தடுமாறியவையும் உண்டு. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வர முடிந்தால் வந்துவிடுவதே நல்லது. வர முடியாவிட்டால் ஒரே ஒரு சொத்துக்கான சிறப்பு அதிகாரப் பத்திரம் போதும். எந்த வழியில் போனாலும், கையெழுத்துப் போடும் பொறுப்பையும் பணம் கொடுக்கும் பொறுப்பையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். "பவரில் வாங்கினேன்" என்று ஊரில் சொல்லும்போது அதற்கு இரண்டு பொருள் உண்டு. விற்பவர் முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு, கிரையப் பத்திரம் எழுதித் தராமல், வாங்குபவருக்கே ஒரு பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுப்பது ஒன்று. இதை வாங்கியதாகவே கொள்ள முடியாது. அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைச் சேர்த்து எழுதிக்கொண்டு செய்யும் இத்தகைய விற்பனைகள் சொத்துரிமையை மாற்றித் தராது, பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரமே மாற்றித் தரும் என்று சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முத்திரைத்தீர்வை மிச்சம் என்று யார் ஆசை காட்டினாலும் வெளிநாட்டில் இருப்பவர் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. இங்கே நான் பேசுவது இரண்டாவது பொருளைப் பற்றி: கிரையப் பத்திரம் முறையாக உங்கள் பெயருக்கே எழுதப்படுகிறது, உங்களுக்குப் பதிலாக உங்கள் முகவர் வந்து கையெழுத்திடுகிறார், அவ்வளவே.

நேரில் வருவதன் பலம் வெளிப்படையானது. பத்திரத்தை நீங்களே படிக்கிறீர்கள், தாய்ப்பத்திரத்தின் அசலை நீங்களே கையில் வாங்கிப் பார்க்கிறீர்கள், வீட்டின் நான்கு எல்லைகளை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறீர்கள். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம்தான். இந்தத் தொலைவில் இருப்பவர், வாழ்நாள் சேமிப்பைப் போடும் ஒரு காரியத்துக்கு மூன்று நாள் விடுப்பு எடுக்கத் தயங்கக் கூடாது என்பது என் கருத்து. நான் தயங்கியதற்குக் காரணம் நாள் உறுதியாகாததுதான். வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று நீக்கப்படாமல் கிடக்கும், விற்பவரின் வாரிசுச் சான்றில் ஒரு பெயர் விடுபட்டிருக்கும், அதைச் சரிசெய்யப் பத்து நாள் ஆகும், அதற்குள் திரும்பும் பயணச்சீட்டின் தேதி வந்துவிடும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவருக்கு இந்த நிச்சயமின்மை இன்னும் பெரிய செலவாகிறது. அப்படிப்பட்டவருக்குத்தான் அதிகாரப் பத்திரம் உண்மையிலேயே உதவுகிறது.

"எதற்கு இவ்வளவு சிரமம், அப்பா பெயரில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே" என்பது பல வீடுகளில் கேட்கும் பேச்சு. அன்பினால் சொல்லப்படும் இந்த யோசனைதான் நான்கில் மிகவும் ஆபத்தானது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் 2016இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. கணக்கில் காட்டக்கூடிய வருமானத்தைக் கொண்டு மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ வாங்கினால் அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது. பெற்றோர், உடன்பிறந்தோர் பெயரில் வாங்கும்போதோ, பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டு உரிமையாளராக ஆவணத்தில் இருந்தால்தான் விலக்கு. பணத்தை அப்பாவுக்கு உண்மையான அன்பளிப்பாகக் கொடுத்து அவரே வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் அப்போது அது அப்பாவின் சொத்து. அவர் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், பாட்டி உயிருடன் இருந்தால் அவருக்கும் சமபங்கு போகும். தங்கையோ தம்பியோ பங்கு கேட்டால் அது பேராசையும் ஆகாது, துரோகமும் ஆகாது, அவர்களுக்குச் சட்டம் தரும் உரிமை அது. யாருடைய பணம், யாருடைய வீடு என்பதைப் பத்திரமே சொல்லும்படி வைப்பது குடும்பத்துக்குச் செய்யும் நன்மை.

இப்போது ஒப்பந்தம் மட்டும் போட்டுவிட்டு, அடுத்த விடுமுறையில் வந்து கிரையம் செய்துகொள்வது இன்னொரு வழி. இது வசதியாகத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதற்கும் வாங்குபவர் தரப்பில் ஒருவர் கையெழுத்திட்டாக வேண்டுமாகையால், எந்தக் கேள்வியைத் தள்ளிப்போட நினைத்தோமோ அதே கேள்வி முதல் நாளே வந்து நிற்கிறது. கட்டி முடிக்கப்படாத அடுக்குமாடி வீடு என்றால் மட்டும் இது பொருந்தும். அங்கேயும், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கட்டுநருக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தடை விதிக்கிறது.

ஆக, வர முடியாதவருக்கு அதிகாரப் பத்திரமே வழி என்றாகிறது. பொது அதிகாரமா, சிறப்பு அதிகாரமா என்பதுதான் அடுத்து நிற்கும் கேள்வி. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஊரிலிருந்து அனுப்பப்படும் மாதிரிப் பத்திரம் ஏறக்குறைய எப்போதும் பொது அதிகாரமாகவே வரும். எனக்கு வந்த வரைவின் இரண்டாம் பக்கத்தில், "எனக்குச் சொந்தமானதும் இனிமேல் எனக்குச் சொந்தமாகப் போவதுமான சகல ஸ்தாவர சொத்துகளையும் விற்கவும், அடமானம் வைக்கவும், குத்தகைக்கு விடவும், தொகை பெற்று ரசீது கொடுக்கவும்" என்று நீண்டது ஒரு வாசகம். ஒரு வீட்டை வாங்குவதற்காகக் கொடுக்கும் பத்திரத்தில், அதே வீட்டை மறுநாளே விற்கும் அதிகாரமும் அடங்கியிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் சேர்க்கவில்லை. ஆவண எழுத்தரின் கணினியில் இருந்த பழைய வாசகம் அப்படியே வந்துவிட்டது. என் அண்ணன் அதைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கவும் மாட்டார். ஆனாலும் பத்திரம் அண்ணனைவிட நீண்ட நாள் அலமாரியில் இருக்கும், அதன் நகல் வேறு கைகளுக்குப் போகும், அவர் மீதே யாராவது நெருக்கடி கொண்டுவரலாம். அந்த வாசகத்தை அடித்துவிட்டு, சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் குறித்த ஒரே சொத்தை, இன்ன விலைக்கு மிகாமல், இன்ன தேதிக்குள் வாங்குவதற்கு மட்டும் என்று மாற்றி எழுதச் சொன்னேன்.

சிறப்பு அதிகாரத்துக்கும் ஒரு குறை உண்டு. அதிகாரப் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே படிக்கும். எழுதப்படாத அதிகாரத்தை முகவருக்கு இருப்பதாக ஊகித்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே சிறிய வேலைகளையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்: பதிவான அசல் பத்திரத்தைப் பெற்றுக்கொள்வது, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பது, மின் இணைப்பையும் சொத்து வரியையும் பெயர் மாற்றுவது, சர்வே எண்ணிலோ பெயரிலோ பிழை வந்தால் பிழைத்திருத்தல் பத்திரத்தில் கையெழுத்திடுவது. இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஓர் எழுத்துப் பிழைக்காகப் புதிய பத்திரம் எழுதி அனுப்ப வேண்டிவரும். முகவர் தம் அதிகாரத்தை வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கட்டும். பேச்சு முறிந்து வேறு வீடு பார்க்க நேர்ந்தால் சிறப்பு அதிகாரம் பயன்படாமல் போகும், மறுபடி எழுத வேண்டும் என்பது உண்மைதான். அந்தச் செலவை நான் ஒரு பாதுகாப்புக்கான விலையாகவே பார்க்கிறேன்.

முகவராக யாரை வைப்பது என்பதில் எனக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. தரகரையோ, கட்டுநர் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று முன்னிறுத்தும் அலுவலகப் பணியாளரையோ வைக்கக் கூடாது. இந்த விற்பனை முடிவதில் அவர்களுக்கே ஆதாயம் இருக்கிறது. உங்களுக்காக "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர்களால் சொல்ல முடியாது.

பத்திரத்தை எங்கே கையெழுத்திடுவது என்பதிலும் மூன்று வழிகள் இருக்கின்றன. பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, இந்தியாவில் வசிக்காதவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோருள் ஒருவர் முன்னிலையில் கையெழுத்தாகி அவரால் உறுதி செய்யப்பட வேண்டும் என்கிறது. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் இந்தியத் துணைத் தூதரகமே எளிது. அந்த முத்திரையை ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை. தூதரகம் வெகுதொலைவில் இருப்பவர்களுக்கு உள்ளூர் நோட்டரியும், அவர் கையெழுத்தை அந்நாட்டு அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் சான்றும் போதும். இந்த அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலையிலும், சிங்கப்பூருக்கு 2021 செப்டம்பரிலும், கனடாவுக்கு 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தது.

வெளிநாட்டு நோட்டரி செல்லுமா என்ற ஐயம் பழையது. கலிபோர்னியாவில் எழுதப்பட்ட அதிகாரப் பத்திரம் பற்றிய ஜக்ராஜ் சிங் வழக்கில் 1970லேயே உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. அதே வழக்கில், முதலில் எழுதப்பட்ட பத்திரம் குறைபட்டதாகக் கருதப்பட்டதற்குக் காரணம், கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று தாம் உறுதி செய்துகொண்டதை நோட்டரி குறிப்பிடாததுதான். ஆகவே நோட்டரியின் சான்றுரையில் கடவுச்சீட்டு எண்ணோடு அந்த வரி இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். நான் நோட்டரி வழியைத்தான் எடுத்தேன். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தும், பதிவு அலுவலகம் ஒன்றில் "தூதரக முத்திரை எங்கே?" என்று கேட்டு அண்ணனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கறிஞரோடு மறுபடி போய் விளக்கிய பிறகே ஏற்றார்கள். எந்த அலுவலகத்தில் பதிவாகப் போகிறதோ அங்கே முன்கூட்டியே ஒருவரை அனுப்பிக் கேட்டிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

மூன்றாவது வழி, வீடு பார்க்க ஊருக்கு வரும்போதே அதிகாரப் பத்திரத்தைச் சார்பதிவாளர் முன் எழுதிப் பதிவு செய்துவிட்டுப் போவது. தமிழ்நாட்டில் அசையாச் சொத்து தொடர்பான அதிகாரப் பத்திரங்கள் 2012 டிசம்பர் முதல் கட்டாயப் பதிவுக்கு உரியவை. வெளிநாட்டில் எழுதப்படுபவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உள்ளூரில் பதிவான பத்திரத்துக்கு ஆவண எண் இருக்கும், அலுவலகம் தன் பதிவேட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளும், அப்போஸ்டில் வேண்டாம், தபாலில் தொலையும் பயமும் இல்லை. கிரையத்துக்கு முன்பாக ஒரு பயணம் எப்படியும் அமையுமென்றால் நான் இதையே முதலாவதாக வைப்பேன்.

வெளிநாட்டில் எழுதிய பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்தபின் ஒரு கெடு இருப்பதை மறக்கக் கூடாது. இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் அதற்குரிய முத்திரைத்தீர்வையைச் செலுத்த வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்வார்கள், "அட்ஜுடிகேஷன்" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். பத்திரம் வந்த கூரியர் உறையைத் தேதியோடு பத்திரப்படுத்துவது நல்லது, வந்த நாளுக்கு அதுவே சாட்சி.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. என் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகத் தனியே நிற்கிறது, பான் அட்டையில் என் பெயரோடு ஒட்டி வருகிறது, ஆதாரில் வெறும் இனிஷியலாகச் சுருங்கிவிட்டது. மூன்று பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்று அதிகாரப் பத்திரத்திலேயே ஒரு பத்தி எழுதிச் சேர்த்தோம். பட்டா மாறுதலின்போது அந்தப் பத்திதான் எங்களைக் காப்பாற்றியது.

பணத்துக்கு வருவோம், இதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கையெழுத்திடும் அண்ணன் கணக்குக்குப் பணத்தை அனுப்பி, அவர் விற்பவருக்குக் கொடுப்பது எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் நாளைக்கு யார் பணம் என்ற கேள்விக்கு விடை மங்கிவிடும். அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் சொத்துக்கான தொகையை வங்கி வழியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோ, வெளிநாடுவாழ் இந்தியருக்கென வங்கிகளில் உள்ள என்ஆர்ஈ, எப்சிஎன்ஆர், என்ஆர்ஓ ஆகிய வகைகளில் தமக்குள்ள கணக்குகளிலிருந்தோதான் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நோட்டாகக் கொடுக்கக் கூடாது. பின்னாளில் வீட்டை விற்று, போட்ட அந்நியச் செலாவணியைத் திரும்ப எடுத்துச் செல்ல விரும்பினால், அதற்கும் இந்த வங்கித் தடயமே ஆதாரம். குடியிருப்புச் சொத்துகளில் இரண்டுக்கு மட்டுமே அந்த வசதி உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான் விற்பவரின் கணக்குக்கு என் கணக்கிலிருந்தே நேரடியாக அனுப்பி, பரிமாற்ற எண்ணைக் கிரையப் பத்திரத்தில் எழுதச் சொன்னேன். முத்திரைத்தீர்வை 7 சதவீதமும், 2023 ஏப்ரலில் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் 60 லட்சத்து வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. அதையும் பதிவுத்துறையின் இணையதளத்தில் வாங்குபவரே செலுத்த முடியும். ஆகவே முகவரின் கையில் கையெழுத்தைத் தவிர வேறெதையும் கொடுக்கத் தேவையில்லை.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்து, விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், விலையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டிய கடமை வாங்குபவருடையது. விற்பவரும் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் பிடித்தம் பல மடங்கு உயரும், கணக்குத் தணிக்கையாளரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முகவர் மறந்துவிட்டார் என்பது இங்கே சமாதானமாகாது.

அதிகாரப் பத்திரத்தால் முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வெளிநாடுவாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை உடைய இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை உடையவரும் வாங்க முடியாது. ஊரில் இருக்கும் அண்ணன் கையெழுத்திட்டாலும் வாங்குபவர் நீங்கள்தானே, அதனால் தடை அப்படியே இருக்கிறது. இலங்கைக் குடியுரிமை உடைய தமிழர்கள், ஓசிஐ அட்டை இல்லாத நிலையில், ஐந்து ஆண்டுக்கு மிகாத குத்தகையைத் தவிர வேறு எதற்கும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெற வேண்டும். சென்னையில் உறவினருக்குப் பவர் கொடுத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பதிவுக்கு முந்தின இரவு கிரையப் பத்திர வரைவு கைப்பேசிக்கு வந்தது. பன்னிரண்டு பக்கங்கள். வேலை முடிந்து வந்த களைப்பில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லியிருப்பேன். "எழுதி வாங்குபவர்" என்ற இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே என் அண்ணனின் பெயரும் ஆதார் எண்ணும் முதலில் இருந்தன. என் பெயர் அடுத்த வரியில், அவருக்கு அதிகாரம் அளித்தவர் என்ற குறிப்பாக மட்டும் வந்திருந்தது. உடனே பேசி, வாங்குபவர் நான், எனக்காகக் கையெழுத்திடும் அதிகார முகவர் அவர் என்று வரிசையை மாற்றச் சொன்னேன். எழுத்தர் காலை ஏழு மணிக்குத் திருத்தி அனுப்பினார். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் வில்லங்கச் சான்றிலும் பட்டாவிலும் அண்ணன் பெயர் ஏறி, பிழைத்திருத்தலுக்காக விற்பவரைத் தேடிப் போக வேண்டியிருந்திருக்கும்.

எதிர்த் தரப்பிலும் ஒரு பவர் ஏஜென்ட் கையெழுத்திடுகிறார் என்றால், அவருக்கு அதிகாரம் கொடுத்தவர் பதிவு நாளில் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடும். அதே விதி உங்களுக்கும் பொருந்துமாகையால், கொடுத்த முன்பணத்தின் விவரம் உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ தெரிந்திருக்கட்டும்.

பதிவு முடிந்து, அசல் பத்திரம் கைக்கு வந்து, பட்டா என் பெயருக்கு மாறிய பிறகு, அண்ணனிடம் சொல்லிவிட்டே அதிகாரப் பத்திரத்துக்கு ரத்துப் பத்திரம் எழுதினேன். பத்திரத்தில் குறித்த தேதி ஏற்கெனவே கடந்திருந்தாலும் எழுதினேன். அதன் நகலைப் பதிவு அலுவலகத்துக்கும் வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு கிரையப் பத்திரத்தின் பின்னால் கோத்து வைத்திருக்கிறேன்.